ஒரே உலகமா, இரண்டா? இயற்பியலின் சமச்சீர்மைகளை எப்படிப் பொருள்கொள்வது

பிரபஞ்சத்தில் உள்ள எல்லாப் பொருள்களும், அவற்றை அளக்கும் கோல்கள் உட்பட, தமக்குள் இருக்கும் தொலைவுகள் மாறாமல் ஒரு திசையில் ஐந்து மீட்டர் தள்ளி அமைந்திருந்தால் என்ன ஆகும்? எந்தக் கருவியும் அதைக் கண்டுபிடிக்காது. நியூட்டனின் இயக்க விதிகள் இந்த அமைப்பையும் அந்த அமைப்பையும் வேறுபாடின்றி ஏற்றுக்கொள்கின்றன. அப்படியென்றால் இங்கே பேசப்படுவது இரண்டு உலகங்களா, ஒரே உலகத்தைப் பற்றிய இரண்டு வர்ணனைகளா?

ஒரு கோட்பாட்டின் விதிகள் அனுமதிக்கும் ஒரு நிலையை, அதே விதிகள் அனுமதிக்கும் இன்னொரு நிலைக்குக் கொண்டுசெல்லும் உருமாற்றத்தைச் சமச்சீர்மை என்று தோராயமாகச் சொல்லலாம். (இந்தத் தோராயம் பின்னால் பெரும் தொல்லை தரப்போகிறது.) அத்தகைய உருமாற்றத்தில் எது மாறுகிறதோ அது வர்ணனையின் மிகை, எது மாறாமல் நிற்கிறதோ அதுவே மெய் என்பது இன்று இயற்பியலாளர்களிடையே ஏறக்குறைய இயல்பூக்கமாகிவிட்ட முடிவு. ஹெர்மன் வைல் 1952இல் வெளிவந்த 'சமச்சீர்மை' நூலில் புறவயத்தன்மையையே மாறாமையோடு சேர்த்துப் பேசினார். இந்த முடிவு பலமுறை சரியாக அமைந்திருக்கிறது. ஆனால் அது சரியாக அமைந்த ஒவ்வொரு இடத்திலும் சமச்சீர்மை தனியாக நின்று வேலை செய்ததா என்பது ஆராயத்தக்கது.

லைப்னிஸின் சவாலும் கிளார்க்கின் மறுப்பும்

1687இல் வெளிவந்த 'பிரின்சிபியா'வில் நியூட்டன், பொருள்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிலைத்திருக்கும் சார்பற்ற வெளி ஒன்றை முன்வைத்தார். அதற்கு வலுவான காரணம் இருந்தது. சுழலும் வாளியில் நீர் விளிம்பை நோக்கி ஏறி நடுவில் குழிகிறது. இந்தக் குழிவை, வாளியைப் பொறுத்து நீர் சுழல்வதன் விளைவு என்று சொல்ல வழியில்லை. ஏனெனில் நீரும் வாளியும் ஒரே வேகத்தில் சேர்ந்து சுழலும்போதுதான் குழிவு மிகுதி. சுழற்சிக்குக் கண்ணால் காணும் விளைவு உண்டு என்றால் அது எதைப் பொறுத்த சுழற்சி? சார்பற்ற வெளியைப் பொறுத்து என்றார் நியூட்டன். அந்த விடையோடு அழையா விருந்தாளிகள் இருவர் வந்து சேர்ந்தார்கள்: சார்பற்ற இடம், சார்பற்ற வேகம். அதே நூலின் ஐந்தாம் கிளைத்தேற்றமோ, ஓர் அமைப்பு நிலையாக இருந்தாலும் நேர்கோட்டில் சீராகச் சென்றாலும் அதனுள் நடக்கும் இயக்கங்கள் ஒன்றே என்கிறது. கலிலியோ 1632இல் கப்பலின் மூடிய அறைக்குள் பறக்கும் பூச்சிகளையும் சொட்டும் நீரையும் வைத்துக் காட்டியதும் இதைத்தான்.

1715–16இல் லைப்னிஸுக்கும், நியூட்டன் தரப்பில் பேசிய சாமுவேல் கிளார்க்குக்கும் நடந்த கடிதப் போரில் கேள்வி கூர்மையானது. கடவுள் உலகை இங்கே வைக்காமல் ஐந்து மீட்டர் தள்ளி வைக்க என்ன காரணம் இருந்திருக்க முடியும்? காரணமின்றி எதுவும் நிகழாது, காரணம் இல்லை, ஆகவே இரண்டு தேர்வுகள் இருந்ததே இல்லை என்பது லைப்னிஸின் வாதம். வேறுபடுத்த முடியாத இரண்டு பொருள்கள் இரண்டல்ல, ஒன்றே என்ற விதியையும் அவர் துணைக்கு அழைத்தார். கிளார்க் இரண்டு மறுப்புகள் சொன்னார். கடவுளின் சித்தமே போதிய காரணம் என்பது ஒன்று. உலகம் முழுவதும் சீராக நகர்ந்துகொண்டிருந்து திடீரென நிறுத்தப்பட்டால் அதிர்ச்சி உணரப்படும், ஆகவே முன்பிருந்த இயக்கம் மெய்யானதே என்பது மற்றொன்று. இரண்டாவது மறுப்பு கவனிக்கத்தக்க தவறு. அதிர்ச்சி வேகமாற்றத்தின் விளைவு. வேகத்துக்கு அது சாட்சி சொல்லாது.

இந்த விவாதத்தில் லைப்னிஸ் வென்றார் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. அவர் பயன்படுத்திய ஆயுதத்தை இன்று ஏறக்குறைய யாரும் கையில் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இன்று அதே முடிவுக்கு வருபவர்கள் கடவுளின் தேர்வை விட்டுவிட்டு, கண்டறிய முடியாத கட்டமைப்பைத் தேவையின்றிச் சேர்க்காதே என்ற சிக்கன விதியிலிருந்து தொடங்குகிறார்கள். வாளிக்கு லைப்னிஸிடம் நிறைவான பதில் இருந்ததில்லை என்ற குறையும் நிற்கிறது.

வேகத்தை நீக்க ஆன காலம்

சார்பற்ற வேகம் மிகை என்று சொல்வது எளிது. அதை நீக்கிய பிறகு முடுக்கம் பிழைத்திருக்க வேண்டுமே. முடுக்கம் என்பதே வேகம் மாறும் வீதம். வேகம் என்ற ஒன்று இல்லையென்றால் எது மாறுகிறது? இந்தச் சிக்கலுக்கு 1885இல் லுட்விக் லாங்கே நிலைமச் சட்டகம் என்ற கருத்தின் வழியாக ஒரு பாதை காட்டினார். காலவெளி வடிவியல் கைக்கு வந்த பிறகு, அதுவும் ஹோவர்ட் ஸ்டெய்ன் 1967இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், மெய்யியலாளர்களுக்கு விடை தெளிவாகத் தெரிந்தது. எந்தப் பாதை நேரானது, எது வளைந்தது என்பதை மட்டும் குறிக்கும், ஆனால் எது நிலையானது என்பதைக் குறிக்காத காலவெளி ஒன்றைக் கட்ட முடியும். அங்கே முடுக்கம் உண்டு, வேகம் இல்லை. விதிகளின் சமச்சீர்மைகளும் காலவெளியின் சமச்சீர்மைகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று ஜான் எர்மன் 1989இல் இதை ஒரு பொதுநெறியாகவே வகுத்தார்.

நியூட்டனிலிருந்து கணக்கிட்டால் இதற்கு ஏறத்தாழ 280 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. சமச்சீர்மை முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. எஞ்சுவதை எப்படி வர்ணிப்பது என்பதுதான் தெரியவில்லை. அந்த இடைக்காலத்தில் நியூட்டனின் வெளியை நம்பியவர்களைப் பகுத்தறிவற்றவர்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சமச்சீர்மை பொய்த்துப்போவதும் உண்டு. இடது, வலது என்ற வேறுபாடு இயற்கையின் விதிகளுக்குத் தெரியாது என்று வெகுகாலம் நம்பப்பட்டது. லீயும் யாங்கும் 1956இல் அதைச் சந்தேகித்தார்கள். வூ சியென்-ஷியுங் தலைமையிலான குழு, மிகைக்குளிரில் வைக்கப்பட்ட கோபால்ட்-60 அணுக்கருக்களைக் கொண்டு 1957 தொடக்கத்தில் அந்தச் சந்தேகத்தை மெய்ப்பித்தது. இடக்கை, வலக்கை வேறுபாட்டை வைத்து வெளியின் மெய்மையைப் பற்றி 1768இல் கான்ட் எழுப்பிய வாதத்துக்கு இதன் மூலம் புது உயிர் கிடைத்தது. ஆக, 'சமச்சீர்மை உண்டு, எனவே வேறுபாடு மெய்யல்ல' என்ற முடிவு சோதனைச்சாலையின் தயவில் வாழ்கிறது.

விளக்கும் வேலை

எது மெய் என்பதை ஒட்டி இன்னொரு கேள்வியும் உண்டு: சமச்சீர்மைகள் எதையாவது விளக்குகின்றனவா? எம்மி நோதர் 1918இல் வெளியிட்ட இரண்டு தேற்றங்களில் முதலாவது புகழ்பெற்றது. மாறுபாட்டு நெறியிலிருந்து (variational principle) பிறக்கும் கோட்பாடுகளில், தொடர்ச்சியான ஒவ்வொரு முழுதளாவிய சமச்சீர்மைக்கும் ஓர் அழிவின்மை விதி இணையாக நிற்கிறது. காலப் பெயர்ச்சிக்கு ஆற்றல், இடப் பெயர்ச்சிக்கு உந்தம், சுழற்சிக்குக் கோண உந்தம். நிகழ்வுகளை விதிகள் ஒழுங்குபடுத்துவதுபோல் விதிகளைச் சமச்சீர்மைகள் ஒழுங்குபடுத்துகின்றன என்ற படிநிலைப் பார்வையை யூஜீன் விக்னர் வலியுறுத்தினார். சமச்சீர்மைகளை விதிகளுக்கு மேலான விதிகளாகக் காணும் மார்க் லாங்கின் நிலைப்பாடு அந்தப் பார்வையை இன்னும் முறைப்படுத்துகிறது. எதிர்த்தரப்பில் ஹார்வி பிரவுனும் பீட்டர் ஹாலண்டும், தேற்றம் ஓர் இணைப்பைத்தான் காட்டுகிறது, காரண அம்பு எந்தப் பக்கம் என்பதைக் காட்டவில்லை என்கிறார்கள். பாஸ் வான் ஃப்ராசன் இன்னும் ஒரு படி போய், சமச்சீர்மை என்பது நாம் கட்டும் மாதிரிகளின் பண்பு என்றார். தேற்றத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பிரவுன்–ஹாலண்ட் எச்சரிக்கை நியாயமாகவே படுகிறது.

இரண்டாம் தேற்றம் அவ்வளவு பிரபலமாகவில்லை. ஆனால் நம் கேள்விக்கு அதுவே நெருக்கமானது. இடத்துக்கு இடம், கணத்துக்குக் கணம் வேறுவேறாக மாற்றிக்கொள்ளக்கூடிய 'உள்ளூர்' உருமாற்றங்களைப் பற்றியது அது. அத்தகைய சமச்சீர்மை உள்ள கோட்பாட்டில் சமன்பாடுகள் ஒன்றையொன்று சார்ந்தவை ஆகிவிடுகின்றன. இன்றைய நிலையை முழுமையாகக் கொடுத்தாலும் நாளைய நிலையை அவை முழுமையாக நிர்ணயிப்பதில்லை. இந்த நிர்ணயமின்மை வெறும் தொழில்நுட்பச் சிக்கல்போலத் தோன்றலாம். ஐன்ஸ்டைனை அது இரண்டு ஆண்டுகள் தடுமாற வைத்தது.

துளை வாதம்

1913இல், பொதுச் சார்பியலின் சமன்பாடுகளைத் தேடிக்கொண்டிருந்த ஐன்ஸ்டைன், எல்லா ஆயத்தொலை முறைகளிலும் ஒரே வடிவில் நிற்கும் சமன்பாடுகளைக் கைவிட்டார். காலவெளியில் பொருள் ஏதுமற்ற ஒரு பகுதியை, ஒரு 'துளை'யை, எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே உள்ள அனைத்தையும் நிர்ணயித்த பிறகும் துளைக்குள் புலத்தைப் புள்ளிகளின்மீது வெவ்வேறு விதமாகப் பரப்ப அத்தகைய சமன்பாடுகள் இடம் தருகின்றன. ஆகவே அவை உலகை நிர்ணயிக்கத் தவறுகின்றன என்று அவர் கருதினார். 1915 நவம்பரில் சரியான சமன்பாடுகளை அடைந்த பிறகு, நாம் காண்பதெல்லாம் பாதைகள் சந்திக்கும் சந்திப்புகளே, வெறும் புள்ளிகள் அல்ல என்று சொல்லித் தம் வாதத்தைத் தாமே கலைத்தார்.

ஜான் எர்மனும் ஜான் நார்டனும் 1987இல் அதே வாதத்தை மெய்யியலின் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். காலவெளிப் புள்ளிகள் தம்மளவில் பொருள்கள் என்று நம்புபவர், துளைக்குள் புலத்தை வேறாகப் பரப்பினால் கிடைப்பது வேறொரு உலகம் என்று ஏற்க வேண்டும். ஏற்றால் நிர்ணயவாதம் உடைகிறது, அதுவும் எந்த இயற்பியல் காரணமும் இல்லாமல். இதற்கு வந்த மறுமொழிகளில் செல்வாக்குப் பெற்றது, புள்ளிகள் உண்டு, ஆனால் அவை தம் உறவுகளிலிருந்து பிரித்து அடையாளம் காணத்தக்கவை அல்ல என்ற நடுவழி. நாகரிகமான சமரசம்தான். ஆயினும், உறவுகளைக் களைந்தால் எஞ்சாத ஒரு பொருளைத் தனிப்பொருள் என்று அழைப்பதில் என்ன மிச்சம் என்ற கேள்வி அதைத் துரத்துகிறது. ஜேம்ஸ் வெதரால் 2018இல் வேறு கோணத்தில் வந்தார்: கணிதமே இந்த இரண்டு மாதிரிகளையும் ஒன்றாகத்தான் கருதுகிறது, துளையே பிழையான வாசிப்பு. கணிதத்தின் ஒருமை உலகின் ஒருமையைத் தானாகத் தந்துவிடுமா என்று ஆலிவர் பூலியும் ஜேம்ஸ் ரீடும் திருப்பிக் கேட்டது பொருத்தமான கேள்வி.

கேஜ் சமச்சீர்மை

மின்காந்தவியலில் சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம். அடிவாரத்திலிருந்து அளந்தாலும் ஏறுபவருக்கு உழைப்பு ஒன்றுதான். மின்னழுத்தத்தின் பூச்சியத்தையும் அப்படித்தான் எங்கும் வைத்துக்கொள்ளலாம். காந்தப்புலத்தைத் தரும் வெக்டர் பொட்டென்ஷியலில் இந்தச் சுதந்திரம் இன்னும் பெரிது: புள்ளிக்குப் புள்ளி அதை மாற்றலாம், மின்புலமும் காந்தப்புலமும் அசையா. வைல் 1918இல் நீள அளவுகோலையே இடத்துக்கு இடம் மாற்றிப் பார்த்தபோது உருவானது 'கேஜ்' என்ற கருத்து. அப்படியானால் அணுக்களின் நிறமாலைக் கோடுகள் அவை கடந்துவந்த பாதையைப் பொறுத்து மாற வேண்டும், அப்படி மாறுவதில்லையே என்று ஐன்ஸ்டைன் மறுத்தார். 1929இல் வைல் அதே கருத்தைக் குவாண்டம் அலைச்சார்பின் கட்டத்துக்கு மாற்றிப் பொருத்தினார். 1954இல் யாங்கும் மில்ஸும் அதை விரித்தார்கள். துகள் இயற்பியலின் திட்ட மாதிரி இன்று அதன்மேல் நிற்கிறது.

நீண்டகாலம் ஒரு வசதியான வாசிப்பு இருந்தது: புலங்கள் மெய், பொட்டென்ஷியல் கணக்குக் கருவி. 1959இல் யாக்கிர் ஆரனோவும் டேவிட் போமும் அந்த வசதியைக் குலைத்தார்கள். நீண்ட வரிச்சுருளுக்குள் காந்தப்புலம் அடைபட்டிருக்கிறது, வெளியே பூச்சியம். சுருளின் இருபுறமும் எலக்ட்ரான்கள் கடந்து மறுபக்கம் சேர்கின்றன. அவை காந்தப்புலத்தைத் தொடவே இல்லை, ஆனாலும் குறுக்கீட்டு வரிகள் இடம் பெயர வேண்டும் என்கிறது கணக்கு. அகிரா டோனோமுராவின் குழு, மீக்கடத்தியால் மூடப்பட்ட வளையக் காந்தத்தைக் கொண்டு 1986இல் இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது.

இதை மூன்று விதமாக வாசிக்கலாம். புலங்கள் மட்டுமே மெய் என்று பிடிவாதம் பிடித்தால், இங்கே இருக்கும் புலம் அங்கே போகும் எலக்ட்ரானை இடைவெளி கடந்து பாதிக்கிறது என்று ஏற்க வேண்டும். பொட்டென்ஷியலே மெய் என்றால் அண்மைச் செயல் காப்பாற்றப்படும், ஆனால் எண்ணற்ற பொட்டென்ஷியல்களில் எது உண்மையானது என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது, நிர்ணயமின்மையும் திரும்பி வரும். ரிச்சர்ட் ஹீலி 2007இல் விரிவாக வாதிட்ட மூன்றாவது வழி, மூடிய பாதைகளைச் சுற்றி வரும்போது சேரும் கட்டத்தை மெய்யாகக் கொள்கிறது. அது கேஜ் உருமாற்றத்தில் மாறாது. விலை என்னவென்றால், புள்ளிகளில் குடியிருக்கும் பண்புகளை விட்டுவிட்டு, வளையங்களில் பரவிக் கிடக்கும் பண்புகளை ஏற்க வேண்டும். ஒரு வளையத்தின் பண்பு அதன் துண்டுகளின் பண்புகளால் ஆனதல்ல.

மிகையை நீக்கினால் உலகம் எளிமையாகும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்க்கிறது. நீக்கிய பின் எஞ்சும் உலகம், நீக்குவதற்கு முன்பிருந்ததைவிட விசித்திரமானது. கார்லோ ரொவெல்லி 2014இல் இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பினார்: கேஜ் உண்மையில் வெறும் மிகைதான் என்றால் இயற்கையை வர்ணிக்க அது ஏன் இவ்வளவு பயன்படுகிறது? ஒரு தொகுதி இன்னொன்றோடு இணையும் கைப்பிடிகள் அந்த 'மிகை' மாறிகளில்தான் இருக்கின்றன என்பது அவர் தரும் விடை.

எது சமச்சீர்மை?

தொடக்கத்தில் வைத்த தோராய வரையறைக்குத் திரும்புவோம். தீர்வை இன்னொரு தீர்வுக்குக் கொண்டுசெல்லும் எந்த உருமாற்றமும் சமச்சீர்மை என்றால், எந்த இரண்டு தீர்வுகளையும் ஒன்றோடொன்று மாற்றிவைக்கும் ஒரு சீட்டுக்குலுக்கலும் சமச்சீர்மைதான். பிறகு ஒரு கோட்பாடு அனுமதிக்கும் உலகங்கள் அனைத்தும் ஒரே உலகம் என்றாகிவிடும். கார்டன் பெலோ 2013இல் இதைச் சுட்டிக்காட்டி, வரையறையை இறுக்கினாலும் தப்ப முடியாது என்று காட்டினார். கெப்ளர் சிக்கலை எடுத்துக்கொள்வோம். இடப் பெயர்ச்சி, சுழற்சி ஆகியவற்றுக்கு அப்பால் அங்கே ஒரு மறைவான சமச்சீர்மை உண்டு. லாப்லாஸ்–ருங்கே–லென்ஸ் வெக்டர் மாறாதிருப்பது அதோடு இணைந்தது. அந்தச் சமச்சீர்மை வட்டப் பாதையை அதே ஆற்றலுள்ள நீள்வட்டப் பாதையாக மாற்றுகிறது. வட்டத்தில் சுற்றும் கோளும் நீள்வட்டத்தில் சுற்றும் கோளும் ஒரே இயற்பியல் நிலை என்று எந்த வானியலாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வேறுபாட்டைக் கண்டறிய முடியாத உருமாற்றங்களை மட்டுமே கணக்கில் கொள்வோம் என்பது ஒரு தப்பிக்கும் வழி. ஷமிக் தாஸ்குப்தா சமச்சீர்மையையே அறிதல் சார்ந்த கருத்தாக வரையறுக்கிறார்: இரண்டு நிலைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது வரையறையிலேயே சேர்ந்துவிடும். இது நேர்மையான வழி. ஆனால் அதை ஏற்றால், சமச்சீர்மையிலிருந்து மெய்மையைப் படித்தறிவதாகச் சொல்லிக்கொண்டு, எது பார்வைக்குத் தெரியும் என்ற பொருள்கோளை முன்கூட்டியே உள்ளே வைத்துவிட்டோம் என்பதையும் ஏற்க வேண்டும்.

அண்மை ஆண்டுகளின் முக்கியப் பிளவு இங்கேதான் இருக்கிறது. சமச்சீர்மை தெரிந்தவுடனேயே இரண்டு மாதிரிகளையும் ஒன்றெனப் பொருள்கொள்ளலாம், அவற்றுக்குப் பொதுவான மெய்ம்மை எது என்ற வர்ணனை பிறகு வரட்டும் என்கிறது ஒரு தரப்பு. தாமஸ் மொல்லர்-நீல்சன் 2017இல் வலியுறுத்திய மறுதரப்பு, சமச்சீர்மை ஒரு தூண்டுதல் மட்டுமே என்கிறது: அத்தகைய வர்ணனையைத் தேடு, கிடைத்த பிறகு ஒன்றெனச் சொல். நீல் டியூவர் 2019இல் ஓர் இடைவழியை விரித்தார். புதிய, மிகையற்ற மாதிரிகளைக் கட்ட வேண்டியதில்லை. பழைய மாதிரிகளை வைத்துக்கொண்டு, சமச்சீர்மையால் இணைந்தவை ஒரே கட்டமைப்பு என்று கணிதத்திலேயே வகுத்துவிடலாம். மேலே பார்த்த வரலாறு தூண்டுதல் தரப்புக்கே கூடுதலாகத் துணைநிற்கிறது என்பது என் மதிப்பீடு. சார்பற்ற வேகத்தின் கதை அப்படியே அதுதான். ஹீலியின் வளையங்கள் மனநிறைவு தராததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்: அங்கே நீக்கல் நடந்துவிட்டது, எஞ்சியதன் படம் இன்னும் தெளியவில்லை.

கப்பலும் கூண்டும்

இதுவரை பேசியது முழுப் பிரபஞ்சத்தின்மேல் செய்யப்படும் உருமாற்றம். கலிலியோவின் கப்பல் அப்படியல்ல. கப்பல் நகர்கிறது, கரை நிற்கிறது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு இயக்கம் தெரிகிறது. உள்ளே இருப்பவருக்குத் தெரியவில்லை. சமச்சீர்மை இங்கே காட்சிக்குரிய ஒன்றாகிறது. ஒரு சமச்சீர்மையை நேரடியாகக் காண வேண்டுமென்றால் உருமாற்றம் நடந்ததையும் உள்ளே எதுவும் மாறாததையும் சேர்த்தே காண வேண்டும் என்று பீட்டர் கோசோ 2000இல் எழுதினார்.

கேஜ் சமச்சீர்மைக்கு இப்படியொரு கப்பல் உண்டா? இல்லை என்றார்கள் கேத்ரின் பிரேடிங்கும் ஹார்வி பிரவுனும். உண்டு என்று ஹிலரி க்ரீவ்ஸும் டேவிட் வாலஸும் 2014இல் வாதிட்டார்கள். மைக்கேல் ஃபாரடே 1836இல் பெரிய கூண்டு ஒன்றைக் கட்டி, அதை வலுவாக மின்னேற்றி, தாம் உள்ளே இருந்து பார்த்தார்; எந்த மின்விளைவும் தெரியவில்லை. வெளியிலோ பொறிகள் பறந்தன. உள்ளே மின்னழுத்தம் மொத்தமாக உயர்ந்திருக்கிறது, அவ்வளவே. இதை முழுதளாவிய சமச்சீர்மையின் வெளிப்பாடாகக் கொள்வதா, எல்லையில் மட்டும் பொருந்தாமல் நிற்கும் உள்ளூர்ச் சமச்சீர்மையின் வெளிப்பாடாகக் கொள்வதா என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை. ஆனால் விவாதத்தின் மையம் முழுப் பிரபஞ்சத்திலிருந்து துணைத்தொகுதிகளுக்கும் அவற்றின் எல்லைகளுக்கும் நகர்ந்தது நல்ல நகர்வு. சோதனைச்சாலையில் நாம் எப்போதும் கையாள்வது அவற்றைத்தானே.

தீராமல் நிற்பவை

கேஜ் மிகை என்ற வாசிப்புக்கு இரண்டு நெருடல்கள் உள்ளன. பாடநூல்கள், கேஜ் சமச்சீர்மை தானாக முறிவதால் W, Z துகள்கள் நிறை பெறுகின்றன என்கின்றன. இந்த வழிமுறையோடு இணைந்த ஹிக்ஸ் துகள் 2012இல் செர்ன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. வர்ணனையின் மிகை முறிந்து ஒரு துகளுக்கு நிறை கிடைப்பது எப்படி? எர்மன் 2004இல் இதைக் கேட்டார். உள்ளூர்க் கேஜ் சமச்சீர்மை தானாக முறியவே முடியாது என்று ஷ்முவேல் எலிட்சுர் லாட்டிஸ் கோட்பாடுகளுக்கு 1975இல் நிறுவியிருந்தார். 'முறிதல்' என்ற பேச்சையே விட்டுவிட்டு, மாறாத அளவுகளை மட்டும் கொண்டு அதே கணக்கைச் செய்யும் வழிகள் உள்ளன. அவை எல்லா வகையிலும் நிறைவானவையா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இரண்டாவது நெருடல் முடிவிலியில் இருக்கிறது. தொலைதூர எல்லையில் மறையாமல் நிற்கும் கேஜ் உருமாற்றங்களுக்கு அழிவற்ற மின்னூட்டங்கள் இணைந்திருப்பதை இயற்பியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவற்றை மிகை என்று தள்ளிவிட முடியாது. அப்படியானால் எல்லையை ஒட்டிய எந்த உருமாற்றம் வர்ணனை சார்ந்தது, எது மெய்யான மாற்றம் என்ற கோட்டை எங்கே போடுவது? அந்தக் கோடு, எல்லை நிபந்தனைகளாக நாம் எதைத் தேர்கிறோம் என்பதைச் சார்ந்திருக்கிறது. தேர்வுக்கு இயற்பியல் காரணம் சொல்ல முடிந்த இடங்களில் விடையும் உறுதியாக இருக்கிறது. சொல்ல முடியாத இடங்களில், குறிப்பாக எல்லையே இல்லாத மூடிய பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது, கேள்வி கிளார்க்குக்கும் லைப்னிஸுக்கும் நடுவே இருந்த அதே இடத்துக்கு ஏறத்தாழத் திரும்பிவிடுகிறது, ஒரு வேறுபாட்டோடு: நீக்கியபின் எஞ்சுவதைச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பது இப்போது தெரிந்திருக்கிறது.